பத்தாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலைத் திறக்க அனுமதியுங்கள்: கல்வி அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். 'மெல்லக் கற்போர்' என்று பிரிக்கப்பட்ட பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு இனி ஆங்கிலப் பாடநூலை நடத்த வேண்டாம், தேர்ச்சிக் கையேட்டை மனப்பாடம் செய்ய வைத்தால் போதும் என்று சென்ற வார மீளாய்வுக் கூட்டத்தில் வாய்மொழியாக அறிவுறுத்தினீர்கள். அந்த அறிவுறுத்தலைத் திரும்பப் பெற வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

கையேடு என்ன செய்யும் என்பதைக் காலாண்டுத் தேர்வு விடைத்தாள்களிலேயே பார்த்துவிட்டேன். படத்தைப் பார்த்து ஐந்து வாக்கியங்கள் எழுதும் வினாவுக்குச் சாலை விபத்தின் படம் தரப்பட்டிருந்தது. கவிழ்ந்து கிடக்கும் ஒரு பைக், தலையில் அடிபட்டவர், சுற்றிலும் கூட்டம். இது ஓர் அழகான படம், எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது, இதில் உள்ளவர்கள் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள் என்று என் மாணவர்களில் பலர் ஆங்கிலத்தில் பிழையில்லாமல் எழுதியிருந்தார்கள். எந்தப் படம் வந்தாலும் எழுதிக்கொள்ளலாம் என்று கையேடு கொடுத்த வாக்கியங்கள் அவை. அவர்களுள் ஒருத்தியின் அண்ணன் ஏற்காட்டு மலைப்பாதையில் விபத்துக்குள்ளாகி இன்னும் கட்டுடன் வீட்டில் இருக்கிறான். அவளும் அதையேதான் எழுதியிருந்தாள். அந்த விடைக்கு எத்தனை மதிப்பெண் போடுவது என்று தாங்களே சொல்ல வேண்டும்.

100 மதிப்பெண் தாளில் தேர்ச்சிக்கு 35 வேண்டும். படத்துக்கு 5, மனப்பாடப் பாடலுக்கு 5, கடிதத்துக்கு 5 என்று கூட்டிக்கொண்டே போனால் எந்தப் பாடத்தையும் படிக்காமல் அந்த 35-ஐத் தொட்டுவிடலாம் என்பது எனக்கும் தெரியும். இந்தக் கணக்குத்தான் ஆங்கிலம் என்றால் பாடநூல் அச்சிடும் செலவையாவது அரசு மிச்சப்படுத்தலாமே!

அந்தப் பாடநூலின் முதல் பாடம், பாறை விளிம்பில் நின்றுகொண்டு பறக்க அஞ்சும் கடற்பறவைக் குஞ்சு ஒன்றின் கதை. சேர்வராயன் மலைப் பிள்ளைகளில் கடலைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. ஆனால் பாறை விளிம்பு எப்படியிருக்கும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மீனைக் காட்டி ஆசை மூட்டிவிட்டு எட்டாத தூரத்தில் நிற்கும் தாய்ப்பறவை செய்தது சரியா என்று கேட்டபோது, வருகைப் பதிவுக்குத் தவிர வாய் திறக்காத ஒருவன் எழுந்து, "ஹங்கிரி, சார். ஸோ ஜம்ப்" என்றான். இலக்கணம் தப்புத்தான், ஆனால் அந்த வாக்கியத்தை அவனுக்கு யாரும் எழுதிக்கொடுக்கவில்லை. மறுநாள் அந்த வகுப்பில் இன்னும் சிலர் பேசினார்கள். கையேட்டில் இதற்கு மதிப்பெண் இல்லை.

நவம்பர் பிறந்தால் காப்பிப் பழம் பறிக்கும் காலம். பெற்றோர் தோட்டத்துக்குப் போனால் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் தங்கிவிடும் பிள்ளைகளும் மெல்லக் கற்போர் பட்டியலில்தான் இருக்கிறார்கள். பாதி நாள் வராத பிள்ளை மெல்லக் கற்பதில் வியப்பென்ன? எமிஸ் என்னும் கல்வித்துறை இணையதளத்தில் மாணவர் விவரங்களைப் பதிவேற்றுவது, வாக்காளர் பட்டியல் வேலை என்று ஆசிரியர் வகுப்பில் இல்லாத நேரங்களுக்கும் ஒரு பட்டியல் எடுத்தால் நன்றாக இருக்கும். 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே வரும் அதிகாரிகளும் தலைமையாசிரியர் அறையில் தேர்ச்சி விழுக்காட்டைக் கேட்டுவிட்டு, மதிய உணவுக்குள் சேலத்துக்கு இறங்கிவிடுகிறார்கள். ஏற்காட்டு ஏரிக்கரையில் நிற்கும் நேரத்தில் பாதியை வகுப்பறைக்குத் தரலாம்.

கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். கையேட்டையே ஒழிக்கும்படி நான் கேட்கவில்லை; தேர்வுக்கு முந்தைய சில வாரங்களுக்கு அது இருக்கட்டும். அதுவரை எல்லாப் பிள்ளைகளுக்கும் பாடநூலை நடத்த அனுமதித்து, அந்த வாய்மொழி அறிவுறுத்தலைத் திரும்பப் பெற்றதாக அரையாண்டுத் தேர்வுக்கு முன் எழுத்து மூலம் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சேர்வராயன் மலைப்பள்ளி ஒன்றின் ஆங்கில ஆசிரியர்