சாய்கோட்டுச் சண்டை

அன்புள்ள குமரா,

இங்கே எல்லாரும் நலம். உன் மெயிலுக்குப் பதில் போடாமல் இழுத்தடித்ததற்குத் திட்டிவிடு, வாங்கிக்கொள்கிறேன். மூர்த்தி வழக்கம்போல் கடன் கேட்டான், நானும் வழக்கம்போல் கொடுத்தேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பட்டுப்புடவைக் கடைக்கு வெளிநாட்டு ஆர்டர் எடுக்கும் படிவம் செய்கிறோம். முதல் பெயர், கடைசிப் பெயர், இரண்டும் கட்டாயமாம். எங்கள் டீமில் ஒருத்தனுக்கும் குடும்பப் பெயர் கிடையாது, எல்லாம் இனிஷியல் கேஸ். கடைசிப் பெட்டியில் அப்பா பெயரைப் போட்டு, வருகிற மெயிலெல்லாம் அப்பாவையே விசாரிக்க, அதிலேயே பழகியவர்கள். அதே பெட்டியை அடுத்தவன் தலையில் கட்டுகிறோமே என்று எரிகிறது.

மலேசியத் தமிழர்கள்தான் கடைக்கு முக்கியமான வாடிக்கை. அவர்களில் நிறையப் பேருக்கு அடையாள அட்டையிலேயே பெயருக்கு நடுவே 'ஏ/எல்' இருக்கும், பெண்களுக்கு 'ஏ/பி'. இன்னாரின் மகன், மகள். நம் படிவத்தில் சாய்கோடு விழுந்ததும் 'எழுத்துகள் மட்டும்' என்று சிவப்பாகக் கத்துகிறது. முகவரியிலும் சாய்கோடு கூடாதாம்! மயிலாப்பூரில் உங்கள் வீட்டுக்கே பார்சல் அனுப்ப முடியாது, புது எண் 31, பழைய எண் 14 என்று 31/14 போட்டுத்தானே வாசலில் பலகையே இருக்கிறது.

அப்புறம் பின்கோடு. ஆறு இலக்கம் கட்டாயம். உங்கள் ஹாங்காங்கில் அப்படி ஒன்றே கிடையாது, ஆறு சுழியம் தட்டித்தானே ஒப்பேற்றுகிறாய்? அயர்லாந்துக்கே நாடு முழுக்க 2015இல்தான் வந்தது. பாஸ்டன் கோடு சுழியத்தில் தொடங்கும், அதை வெறும் எண்ணாகச் சேமித்தால் சுழியம் காணாமல் போகும்.

முழுப் பெயருக்கு ஒரே பெட்டி வை, நாட்டை முதலில் கேள், மீதியை அந்த நாட்டு வழக்கப்படி கேள் என்றேன். "கூரியர்காரன் சாஃப்ட்வேர் பெயரை ரெண்டாகத்தானே கேட்கிறது?" என்கிறார் மேனேஜர். அது நியாயமான கேள்விதான். ஆனால் அவனுக்குப் பிரித்துக் கொடுப்பது நம் வேலை, வாங்குகிறவர் வேலை இல்லை. பார்சலில் ஒரு பெயர், அட்டையில் ஒரு பெயர் என்றால் கவுண்டரில் நின்று விளக்கம் சொல்லப்போவது நாமா, மேனேஜரா? புடவைக்குக் காசு கொடுத்தவர்தானே.

வியாழக்கிழமை மீட்டிங். அதற்குள் உன் வீட்டு முகவரியை அங்கே எழுதுகிறபடியே ஃபிளாட், மாடி, பிளாக் சகிதம் அனுப்பு. ஆங்கிலத்திலும் வேண்டும், சீனத்திலும் வேண்டும், வரிசை தலைகீழாக வருமே, அதைக் காட்டத்தான். உன் ஹாஸ்டல் ரெக்கார்டு நோட்டு மாதிரி யாரிடமாவது பார்த்து எழுதி அனுப்பாதே.

அன்புடன்,
முரளி