'யாரங்கே' வேண்டாம், 'யார்ரா அது' போதும்

மலேசியா, சுங்கை சிப்புட் கோயில் திருவிழா நாடகக் குழுத் தம்பி தங்கைகளுக்கு,

வணக்கம். ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்தைத் தமிழில் போடப்போகிறீர்கள் என்று கேள்விப்பட்டதும் சந்தோஷமாக இருந்தது. மறுநாளே இன்னொரு சேதி வந்தது: முதல் காட்சியைத் தூக்கிவிட்டு நேராக அரசவையில் ஆரம்பிக்கிறீர்களாம். "ரெண்டு ஜாகா நின்னு பேசுறதை யாரு பார்ப்பா?" என்று உங்களில் ஒருவர் கேட்டாராம். நான் ஜாகா மகன், காவற்காரர் பெற்ற பிள்ளை. அதனால்தான் இந்த மடல்.

அப்பா தோட்டத்து ரப்பர் ஸ்டோரில் இராக்காவல் பார்த்தவர். நடுச்சாமத்தில் ஆள் மாறுவார்கள். மாற்ற வருகிறவர் தூரத்திலேயே தொண்டையைச் செருமிக்கொண்டுதான் வருவார். செருமாவிட்டால் "யார்ரா அது?" என்று அப்பாவின் குரல் பாயும். கேட்பது நிற்கிறவர் வேலை, பதில் சொல்வது வருகிறவர் வேலை.

ஷேக்ஸ்பியர் இதைத்தான் புரட்டிப்போட்டார். நாடகத்தின் முதல் வரியே "யாரது?" என்ற கேள்வி. கேட்பவன் மாற்ற வருகிற பெர்னார்டோ! காவலில் நிற்கும் பிரான்சிஸ்கோ, "இல்லை, நீ சொல்" என்று அதட்டவேண்டியிருக்கிறது. வருகிறவன் எதையோ கண்டு பயந்திருக்கிறான் என்பது யாரும் விளக்காமலே தெரிந்துவிடுகிறது.

வெட்டுவதற்கு முந்திய உங்கள் பிரதியில் அந்த வரி "யாரங்கே!" என்று இருந்ததாம். ஐயோ. ராஜா கைதட்டிச் சேவகனைக் கூப்பிடுகிறார் என்று நினைத்துக் கூட்டம் சிரித்துவிடும்.

அடுத்து ஆவி, ஹாம்லெட்டின் செத்துப்போன ராஜா அப்பா. நேற்றிரவு கண்டதை, எதையும் நம்பாத படிப்பாளி ஹொரேஷியோவுக்குச் சொல்ல பெர்னார்டோ உட்காருகிறான். "மணி ஒன்று அடித்தபோது..." வாக்கியம் முடியவில்லை, ஆவி வந்து நிற்கிறது. ஒரு வார்த்தை பேசாமல் போகிறது. திரும்ப வருகிறது. சேவல் கூவியதும் மறைகிறது. கதாநாயகன் இன்னும் மேடைக்கே வரவில்லை!

ஷேக்ஸ்பியர் காலத்துக் குளோப் அரங்கில் கூரை திறந்திருக்கும், நாடகம் பட்டப்பகலில் நடக்கும். பன்னிரண்டு அடித்துவிட்டது, குளிர் கடிக்கிறது, ஓர் எலிகூட அசையவில்லை என்று வாயால் சொல்லியே இருட்டைக் கொண்டுவந்தார்கள். நமக்கோ இருட்டு சும்மா கிடைக்கிறது. செம்பனைத் தோட்டத்துக்கு அந்தப் பக்கம் ஒரு விளக்குக் கிடையாது. எல்.இ.டி. திரையில் ஆவியை ஓடவிட்டால் எல்லாரும் திரையைத்தான் பார்ப்பார்கள். பார்க்கவேண்டியது பயந்து நிற்பவர்களின் முகத்தை.

சினிமாவிலேயே வெட்டியிருக்கிறார்களே என்பீர்கள். உண்மைதான். கோசின்ட்சேவின் 1964 ருஷ்யப் படத்தில் ஹாம்லெட் குதிரையில் பறந்து வருகிறான், கோட்டைக்குள் நுழைந்ததும் பின்னால் பாலத்தைத் தூக்கிவிடுகிறார்கள். மாட்டிக்கொண்டான்! செஃபிரெல்லியின் 1990 படம் செத்த ராஜாவின் அடக்கத்தில் தொடங்குகிறது. அவர்களிடம் கோட்டையும் குதிரையும் கேமராவும் இருந்தன. நம்மிடம் பலகை மேடையும் மைக்கும். ஒலிவியே தம் 1948 படத்தில் காவலர்களை வைத்துக்கொண்டார், ஆனால் அதற்கு முன்னால், இது மனத்தை முடிவு செய்ய முடியாதவனின் சோகக் கதை என்று ஒரு குரலைப் பேசவிட்டார். எனக்கு அது பிடிக்கவில்லை. விடுகதைக்கு முன்னே விடையா?

அதே 1948 ஜூன் 16இல்தான் நம் வட்டாரத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் கொல்லப்பட்டார்கள். கம்யூனிஸ்ட் கெரில்லாக்களை ஒடுக்க மலாயாவில் அவசரகாலம் வந்தது, 1960வரை நீடித்தது. இருட்டில் வருவது நம்மாளா வேற்றாளா என்று திகிலோடு கேட்டுப் பழகிய ஊர் இது. அதைப் பார்த்த பாட்டிகள் இன்னும் முன்வரிசையில் உட்காருகிறார்கள். அவர்களுக்கு அந்த ஒரு வரி போதும்.

அப்புறம், மாலை, பொன்னாடை, உரை எல்லாம் முடிந்து ஜனம் கொட்டாவி விடும்போது ஆரம்பிக்காதீர்கள். நம் மக்கள் பிரதிநிதி ஒய்.பி. வரத் தாமதமானால் இன்னும் நல்லது. அறிவிப்பே இல்லாமல் விளக்கை அணையுங்கள். "யாருடா லைட்ட அடைச்சது?" என்று கூட்டத்தில் யாராவது கத்துவார்கள். கத்தட்டும், அந்தச் சத்தத்துக்குள்ளேயே பெர்னார்டோ வரட்டும்.

அப்பாவின் அரிக்கேன் விளக்கு என் வீட்டில் இருக்கிறது. பிரான்சிஸ்கோ கையில் கொடுக்க வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியில் ஒரு விரிசல் உண்டு, பார்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஒரு ஜாகாவின் மகன்