அந்தப் பென்சில் தொகையை என்ன செய்யப் போகிறீர்கள்?

வளரும் நாடுகளின் நிதியமைச்சர்களுக்கும் வரித்துறைத் தலைவர்களுக்கும்,

வணக்கம். இருபது வருஷத்துக்கு மேலாகச் சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதி, அவர்களுக்காக வரி அலுவலகப் படியேறி இறங்குபவன் நான். லஞ்சம் கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் நடுவில் ஒரு நாற்காலி உண்டு. அது என்னுடையது. அதனால் உபதேசம் செய்ய எனக்கு யோக்கியதை இல்லை, பார்த்ததைச் சொல்கிறேன்.

ஒருமுறை அதிகாரி கணக்குப் புத்தகத்தை இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "இதெல்லாம் நம்புற மாதிரியா இருக்கு?" என்றார். வரைவு ஆணையின் ஓரத்தில் ஒரு தொகையை எழுதி, ஃபைலை என் பக்கம் திருப்பினார். கட்ட வேண்டியதைப் போல நான்கு மடங்கு. எழுதியது பென்சிலால். அவர் எதுவும் கேட்கவில்லை. "உங்க வியாபாரிகிட்ட பேசிட்டு வாங்க" என்றார், அவ்வளவுதான். மறுவாரம் போனபோது அந்த இடத்தில் ரப்பர் தேய்த்த கறை இருந்தது. பக்கத்தில் பேனாவால் எழுதியிருந்த தொகை, நியாயமான வரியில் பாதிகூட இல்லை.

"நேர்மையாக் கட்டப் போனா நாலு மடங்கு, கவனிச்சா பாதி. நான் எதைச் செய்யட்டும்?" என்று வியாபாரி கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. பணத்தை எப்போது கொண்டுவருவார் என்று மட்டும் கேட்டேன்.

நீங்கள் வழக்கமாகக் கையிலெடுக்கும் மருந்து சம்பளம். உகாண்டா 1991இல் தனி வருவாய் ஆணையத்தை அமைத்து, மற்ற அரசு ஊழியர்களைவிடப் பல மடங்கு சம்பளம் கொடுத்தது. நாட்டு உற்பத்தியில் சுமார் 7 சதவீதமாக இருந்த வரி வருவாய், சில ஆண்டுகளில் 12 சதவீதத்தைத் தொட்டது. அப்புறம் ஏற்றம் நின்றது. 2002இல் அந்த ஆணையத்தின் ஊழலை விசாரிக்கவே ஒரு கமிஷன் போட வேண்டியதாயிற்று. தான்சானியா 1996இல் பழைய ஊழியர்கள் எல்லோரையும் நீக்கி, மறுபடி விண்ணப்பிக்கச் சொன்னது. மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டவர்களைத் திரும்ப எடுக்கவில்லை. அவர்களில் பலர் போன இடம் எது தெரியுமா? வரி ஆலோசனை. என் நாற்காலிதான், ஐயா! உள்ளே யார் யாரைப் பிடிக்க வேண்டும் என்று அவர்களுக்குத்தானே நன்றாகத் தெரியும்.

சரி, வசூலுக்குத் தக்கபடி ஊக்கத்தொகை கொடுத்தால்? பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் சொத்து வரியை வைத்து ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். வசூல் கூடியது உண்மை. ஆனால் அது ஒரு சில சொத்துகளைச் சரியான மதிப்புக்குக் கொண்டுவந்ததால் வந்த கூடுதல். மற்ற பெரும்பாலானவர்களுக்கு வரி ஏறவில்லை, லஞ்சம்தான் ஏறியது. எனக்கு இதில் ஆச்சரியமே இல்லை. ஒழுங்காக வசூலித்தால் அதிகாரிக்கே பணம் என்றான பிறகு, விட்டுக்கொடுப்பதற்கு அவர் விலையைக் கூட்டத்தானே செய்வார்?

மேலிடமே இதில் இருந்தால் எந்த மருந்தும் பலிக்காது என்பது வேறு கதை. குவாத்தமாலாவில் 2015இல் சுங்கவரி மோசடி வழக்கு, துணை அதிபரையும் பிறகு அதிபரையும் பதவி விலக வைத்தது.

நான் கேட்பது சின்ன விஷயம். பென்சிலால் எழுத இடம் கொடுக்காதீர்கள். தொகையை எப்படிக் கணக்கிட்டார்கள் என்று ஆணையிலேயே வரிவரியாக இருக்கட்டும். எந்த ஃபைலை யார் பார்ப்பது என்பதை அதிகாரி தேர்ந்தெடுக்கக் கூடாது. கணினி தரும் ஆவண எண் இல்லாத நோட்டீஸ், சில விதிவிலக்குகள் போக, 2019 அக்டோபர் முதல் செல்லாது என்று இந்திய வருமான வரித்துறையில் விதி வந்தது. அதனால் லஞ்சம் ஒழிந்துவிட்டது என்று சொல்லவில்லை. பதிவில்லாமல் ஒரு காகிதத்தை நீட்டி மிரட்டுவது கஷ்டமாகிறது. ரீஃபண்டுக்குக் கெடு வையுங்கள், தாண்டினால் வட்டியோடு தானாகப் போய்ச் சேரட்டும். கேட்ட தொகையில் பெரும்பங்கைக் கட்டினால்தான் மேல்முறையீடு என்ற விதி உங்கள் நாட்டில் இருந்தால், முதலில் அதை எடுங்கள். அந்த நான்கு மடங்கு மிரட்டலுக்குப் பலம் கொடுப்பதே அதுதான். வேலையை விட்ட அதிகாரி உடனே என் பக்கத்தில் வந்து உட்காரவும் சில ஆண்டுகள் தடை போடுங்கள். என் பிழைப்பும் கொஞ்சம் அடிபடும், பரவாயில்லை.

அந்த வியாபாரிக்குப் போன வாரம் மறுபடி நோட்டீஸ் வந்திருக்கிறது. நேரில் வரச் சொல்லி தேதி போட்டிருக்கிறார்கள், காரணம் எழுதவில்லை.

இப்படிக்கு,
நடு நாற்காலிக்காரன்