கிராம சபைத் துண்டறிக்கை எழுதுபவர்கள் கவனத்துக்கு

எல்லோருக்கும் வணக்கம். அக்டோபர் 2 கிராம சபைக்கான துண்டறிக்கை வரைவைப் பார்த்தேன். உழைப்பு தெரிகிறது. ஆனால் இப்படியே அச்சுக்குக் கொடுக்க வேண்டாம்.

முதல் வரியே "குடிநீர் விநியோகக் கட்டமைப்பின் போதாமைகள் குறித்த பங்கேற்பு விவாதம்" என்று போகிறது. நாற்று நட்டுவிட்டு வரும் அக்கா இதை மடித்து இடுப்பில் செருகிக்கொள்வார், கூட்டத்துக்கு வர மாட்டார். "தெருக்குழாயில் ஏன் தண்ணீர் வரவில்லை? மோட்டார் எப்போது சரியாகும்? வந்து கேளுங்கள்" என்று போடுவோம். விஷயம் எதுவும் குறையவில்லை, கேட்கிற துணிச்சலும் வருகிறது.

"தீர்மானம்" மட்டும் அப்படியே இருக்கட்டும். கூட்டத்தில் அந்தச் சொல்லைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். "நாம் கேட்டதைப் பதிவேட்டில் எழுதச் சொல்லி, வாசிக்கச் சொல்லி, அப்புறம் கையெழுத்துப் போடுங்கள்" என்று பக்கத்தில் ஒரு வரி சேர்த்தால் போதும். ஊராட்சியின் வரவு செலவைக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு என்பதையும் பெரிய எழுத்தில் போடுங்கள்.

படிக்கத் தெரியாதவர்களுக்கு ஒரு நிமிடத்துக்குள் குரல் பதிவு வேண்டும். நம் ஊர்ப் பேச்சிலேயே பேசுங்கள்.

அச்சுக்கு முன், இந்தக் குழுவில் இல்லாத இரண்டு பேரிடம் படித்துக் காட்டுங்கள். "புரிகிறதா?" என்று கேட்டால் மரியாதைக்காகவே தலையாட்டிவிடுவார்கள். "இதில் என்ன சொல்லியிருக்கு, சொல்லுங்க" என்று கேளுங்கள். அவர்கள் தடுமாறும் இடத்தைத்தான் மாற்ற வேண்டும்.

திருத்திய வரைவை ஞாயிறு இரவுக்குள் இங்கே போடுங்கள். குரல் பதிவுக்கு யார் வருகிறீர்கள்?