லால்தேரியின் பாட்டு

ஐஸ்வால்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மீனா,

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. இங்கே மழை விட்டபாடில்லை. துணி காய்ந்து நாலு நாளாகிறது.

போன வாரம் பக்கத்து வீட்டுத் தாத்தா இறந்துபோனார். கூலி வேலை செய்து பிழைத்தவர். குழி வெட்டியது முழுக்கத் தெருப் பையன்கள்தான், யாரும் காசு வாங்கவில்லை. ராத்திரி வீடு நிறைய ஆட்கள். நடுவில் குவாங் என்கிற மேளம், சுற்றி உட்கார்ந்து வெகுநேரம் பாட்டு. எங்கள் மேலதிகாரி, காய்கறி விற்கிற அக்காவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தார்.

ஆதியிலிருந்தே இங்கே எல்லோரும் இப்படிச் சமமாக உட்கார்ந்தார்கள் என்று நினைத்துவிடாதே. இந்த மிசோரம் மாநிலத்து மிசோ மக்களின் பழைய நம்பிக்கையில் செத்த பிறகும் மேல் கீழ் உண்டு. பியால்ரால் என்ற சொர்க்கத்தில் குத்திய அரிசி தயாராக இருக்கும், உழைக்க வேண்டாம். போகிற வழியில் பாலா என்றொருவன் உண்டிவில்லோடு நிற்பான். அவன் உண்டை பட்டவர்கள் உள்ளே போக முடியாது. ஊருக்கு விருந்து மேல் விருந்து வைத்தோ, பெரிய மிருகங்களை வேட்டையாடியோ தாங்சுவா என்ற பட்டம் பெற்றவர்களை அடிக்க மாட்டான். ஏழை விருந்துக்கு எங்கே போவான்? விளைந்த நெல்லிலும் ஒரு பங்கு லாலுக்கு, அதாவது ஊர்த் தலைவருக்கு. 1894-இல் மிஷனரிகள் வந்த பிறகு, அதே பியால்ரால் எல்லோருக்கும் பொது என்று கிறிஸ்தவப் பாட்டுகளில் வந்தது. முதன்முதலில் அதைக் கேட்ட ஏழைக்கு எப்படி இருந்திருக்கும் என்று அன்று ராத்திரி முழுக்க யோசித்தேன். லால்களின் அதிகாரம் சட்டப்படி போனது 1954-இல்தான்.

லால்தேரியைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த லால் வீட்டுப் பெண். சாதாரணக் குடியில் பிறந்த சால்தாங்காவைக் காதலித்தாள். வீட்டார் அவனைக் கொன்றுவிட்டார்கள். அவள் சோறு மறுத்தாள், நல்ல துணியை மறுத்தாள், பெற்றவர்களைக் குறை சொல்லிப் பாட்டுக் கட்டினாள். இங்கே பழைய பாட்டுகள் பலவற்றைக் கட்டியவர் பெயராலேயே அழைப்பார்கள். அவளுடையது லால்தேரி ஸாய். ஸாய் என்றால் பாட்டு. கேட்டபோது அழுகை வந்தது. ஆனால் மீனா, லாலின் மகள் என்பதால்தான் அவளால் அப்படிப் பாட முடிந்ததோ? சால்தாங்காவின் அம்மாவும் ஒப்பாரி வைத்திருப்பாளே, அதை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்?

அப்புறம்தான் தார்பாங்கி என்ற பெயர் காதில் விழுந்தது. லால் வீட்டுப் பெண் இல்லை, எளிய குடி. மேலே இருப்பவர்கள் செய்த அநியாயத்தைப் பாட்டிலேயே தட்டிக் கேட்டவள். அவள் பெயரிலும் ஒரு ஸாய் இருக்கிறது. என்னோடு வேலை பார்க்கும் பெண்ணின் பாட்டிக்கு அதில் சில வரிகள் தெரியுமாம். அடுத்த ஞாயிறு போகிறேன். அர்த்தம் கேட்டு எழுதி அனுப்புகிறேன், நீ ராகம் கேட்பாய் என்று தெரியும், போனில் பதிவு செய்தும் அனுப்புகிறேன்.

அம்மாவைச் சொட்டு மருந்தை விடாமல் போடச் சொல்.

உன்
வசந்தா