மூளியான கல்லுக்காக மேடையை இடிக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வீட்டுப் பகுதியில் சமையலறையைப் புதுப்பிப்பது குறித்து வந்த கட்டுரை, விளிம்பு உடைந்த மேடைக் கல்லை மாற்றிவிடுவதே நல்லது என்று ஒரே வரியில் முடித்திருந்தது. கல் அறுக்கும் பட்டறைகள் சூழ்ந்த, ஆந்திர எல்லையிலுள்ள குப்பம் என்ற ஊரில் வாழும் எனக்கு அந்த வரி வருத்தம் தந்தது. எங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கிய ‘குப்பம் கிரீன்’ என்ற கல் உட்பட, ஒரு கிரானைட் பலகையை வெட்டி, அறுத்து, மெருகேற்ற எத்தனை பேர் உழைக்கிறார்கள் என்பதை அறிந்தவர்கள், நகக்கண் அளவு சில்லு பெயர்ந்ததற்காக அதைத் தூக்கி எறியச் சொல்ல மாட்டார்கள்.

சென்ற ஆண்டு எங்கள் வீட்டில் தேங்காயை மேடை ஓரத்தில் தட்டி உடைத்தபோது, சிங்க்குக்கு முன்னால் கறுப்புக் கல்லின் விளிம்பு மூளியாயிற்று. முதலில் வந்த கொத்தனார் வெள்ளை சிமெண்டில் கறுப்புப் பொடி கலந்து பூசிவிட்டுப் போனார். ஒரு மாதம்கூட நிற்கவில்லை. பெயர்ந்த துணுக்கைச் சப்பாத்தி மாவில் கண்டெடுத்தோம். கிரானைட் நீரை அதிகம் உறிஞ்சாது, உடைந்த இடமும் ஆழமற்றது என்பதால், மெல்லிய சிமெண்ட் பூச்சுக்கு அங்கே பிடிமானம் கிடைப்பதில்லை. அடுத்து வந்த கல் வியாபாரி, முழுப் பலகையையும் மாற்ற வேண்டும், அதற்குச் சுவர் டைல்ஸில் ஒரு வரிசையையும் சிங்க்கையும் கழற்ற வேண்டும் என்றார்.

பட்டறையில் மெருகுவேலை பார்த்து ஓய்ந்த ஒரு பெரியவர்தான் எங்களுக்கு வழி காட்டினார். பெயர்ந்த சில்லு கையில் இருந்தால் அதையே ஒட்டுவதுதான் மிகச் சிறந்த பழுதுபார்ப்பு என்பது அவர் முதலில் சொன்னது. நாங்கள் அதை எப்போதோ கூட்டித் தள்ளியிருந்தோம். உடைந்த இடத்திலிருந்த எண்ணெய்ப் பிசுக்கைத் தின்னர் நனைத்த துணியால் துடைத்து (அடுப்பை அணைத்து, சன்னலைத் திறந்துவைத்த பிறகு), ஒரு பகல் முழுவதும் காயவிட்டோம். இரு குழாய்களில் வரும் அரால்டைட் பசையை அட்டையில் கண்ட அளவுப்படி கலந்து, அதில் அதே வகைக் கல்லை அறுத்த பொடியைக் குழைத்தார். கறுப்புக் கல்லின் பொடி பார்வைக்குச் சாம்பல் நிறமாகவே இருக்கும். பசையில் குழைந்ததும் கருக்கும். போதாவிட்டால் மட்டுமே ஒரு சிட்டிகை கறுப்பு நிறப்பொடி சேர்க்க வேண்டும். விளிம்பை ஒட்டி டேப்பைச் சுவர்போல் நிறுத்தி, மட்டத்தைவிடச் சற்று உயரமாக நிரப்பி, மறுநாள்வரை தொடாமல் விட்டார். பிறகு பிளேடைப் படுக்கைவசமாகப் பிடித்து மிகையைச் சீவி, வாட்டர் பேப்பர் என்னும் உப்புத்தாளை, சொரசொரப்பானதிலிருந்து நைஸானது வரை 400, 800, 1500 என்ற எண் வரிசையில், நீர் விட்டுத் தேய்த்தார். ஒட்டிய இடத்தைத் தாண்டித் தேய்த்தால் சுற்றியுள்ள மெருகு போய்விடும் என்பதில் மிகக் கவனமாக இருந்தார். இன்று அந்த இடத்தை விரல் வைத்துத் தேடினால்தான் தெரிகிறது.

இந்த வேலைக்கு எல்லையும் உண்டு. சீமகுர்த்தியிலிருந்து வரும் பிளாக் கேலக்ஸி கல்லின் பொன் புள்ளிகளைப் பசையில் வரவழைக்க முடியாது. சூடான குக்கரை ஒட்டிய இடத்தின்மேல் வைத்தால் பசை இளகும். நீர் ஊற்றித் துடைத்த பிறகும் கறுத்த கோடொன்று உள்நோக்கி ஓடுவது தெரிந்தால் அது மூளியல்ல, விரிசல்; சிங்க்குக்காக வெட்டிய இடத்தின் குறுகலான பட்டையில் அது வருவது வழக்கம், அங்கே அடியில் தாங்கல் கொடுக்காமல் மேலே பசை பூசுவது வீண்.

கடப்பா கல் வேறு வகை. எங்கள் பக்கத்துத் தெலுங்கர்கள் நாபராயி என்று சொல்லும் அது சுண்ணாம்புக் கல். ஏடு ஏடாகப் பெயரும், புளியும் எலுமிச்சையும் பட்டால் மெருகு மங்கும். அதை ஆசிட் ஊற்றிச் சுத்தம் செய்துவிட்டு ஒட்டலாம் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள்.

வாட்டர் பேப்பரால் ஈரமாகத் தேய்க்கும் வரை அச்சமில்லை. இயந்திரத்தில் சுழலும் சாணைக்கல்லால் உலர்வாகத் தேய்த்தால் எழும் சிலிக்காத் தூசு, பட்டறைத் தொழிலாளர்களின் நுரையீரலைக் கெடுக்கும் அதே தூசு என்பதால், வீட்டுக்குள் அந்த வேலையை அனுமதிக்கக் கூடாது.

தங்கள் வீட்டுப் பகுதியில் இப்பழுதுபார்ப்பைப் படங்களுடன் ஒருமுறை வெளியிட வேண்டுகிறேன். குப்பத்திலும் எல்லைக்கு அப்பால் பர்கூர், கிருஷ்ணகிரியிலும் உள்ள பட்டறை உரிமையாளர்கள், பலகை விற்கும்போதே அந்தக் கல்லின் பொடியில் ஒரு சிறு பொட்டலத்தையும் அறுவையில் கழிந்த துண்டொன்றையும் வாங்குபவரிடம் கொடுத்தனுப்ப வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் வாசகி,
குப்பம், சித்தூர் மாவட்டம்.