புகார்: என் அம்மாவுக்கு ஏற்றிய கான்ட்ராஸ்ட் மருந்தின் பெயரைச் சொல்லுங்கள்

வாடிக்கையாளர் சேவைத் தலைமை அதிகாரி அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஸ்கேன் மையத்தில் போன மாதம் என் அம்மாவுக்கு, படம் தெளிவாகத் தெரிவதற்கான கான்ட்ராஸ்ட் ஊசி போட்டு எம்.ஆர்.ஐ. எடுத்தோம். ரசீதை இணைத்திருக்கிறேன். நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: ஏற்றிய மருந்து எது? இதற்கு இத்தனை அலைச்சலா?

ரிப்போர்ட்டில் "காடோலினியம் கான்ட்ராஸ்ட், 10 மி.லி." என்று மட்டும் இருக்கிறது. அம்மாவின் எடை 50 கிலோ. வழக்கமான அளவு கிலோவுக்கு 0.1 மில்லிமோல், அதாவது அம்மாவுக்கு மொத்தம் 5 மில்லிமோல். ஏற்றியது காடோடெரேட் என்றால் ஒரு மில்லியில் 0.5 மில்லிமோல், கணக்கு சரி. காடோபியூட்ரால் என்றால் ஒரு மில்லியில் 1 மில்லிமோல். அதே 10 மி.லி. இரண்டு மடங்காகிவிடும். தினமும் இதையே ஏற்றுகிற உங்களுக்கு இது தெரியாதா?

உங்கள் உதவி எண்ணில் பேசியவருக்குத் தெரியவில்லை. "எல்லா கான்ட்ராஸ்டும் ஒண்ணுதான், நீங்க என்ன டாக்டரா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக்கூடக் காத்திருக்காமல் போனை வைத்துவிட்டார். பெயர் கேட்டதற்கும் சொல்லவில்லை. அழைப்புகள் பதிவாகின்றன என்று உங்கள் இயந்திரமே சொல்கிறதே, அதை எடுத்துக் கேளுங்கள்.

எல்லாம் ஒன்றில்லை. சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டும் இ.ஜி.எஃப்.ஆர். அளவு அம்மாவுக்கு 27. அந்த ரிப்போர்ட்டை ஸ்கேனுக்கு முன்பே கவுன்டரில் கொடுத்தோம். வாங்கியவர் பிரித்துப் பார்க்காமல் ஃபைலில் செருகினார். 30-க்குக் கீழே இருப்பவர்களுக்கு காடோடயமைடு போன்ற, காடோலினியம் உலோகத்தைத் தளர்வாகப் பிடித்திருக்கும் லீனியர் வகை மருந்து போனால், தோலும் மூட்டும் இறுகிப்போகும் என்.எஸ்.எஃப். நோய் வரும் அபாயம் இருக்கிறது. 2006-லேயே இந்தத் தொடர்பு வெளிவந்துவிட்டது. ஐரோப்பாவில் 2017-ல் காடோடயமைடை நிறுத்தியே வைத்தார்கள். உலோகத்தைக் கூண்டில் அடைத்ததுபோல் பிடித்துவைக்கும் மேக்ரோசைக்ளிக் வகையில் இந்த ஆபத்து மிக மிக அரிது. அதனால்தான் சிறுநீரக டாக்டர் மருந்தின் பெயரைக் கேட்கிறார். பாதிப்பு அன்றே தெரிந்துவிடாது, மாதங்கள் கழித்தும் தலைகாட்டும் என்பதால் எதைக் கவனிப்பது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஊசி போட்ட நர்ஸம்மா அன்பாகத்தான் நடந்துகொண்டார். அவர்மீது எந்தக் குறையும் இல்லை, தயவுசெய்து அவரை இதில் இழுக்காதீர்கள்.

ஆனால் நோயாளி நேரில் வந்து கையெழுத்து போட்டால்தான் விவரம் தருவோம் என்றீர்களே, அதை மறக்கவே மாட்டேன். கால் வீங்கியிருக்கும் அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்தேன். மதியம் வரை உட்காரவைத்து, கையெழுத்தும் வாங்கிக்கொண்டு, "சிஸ்டத்தில் ஏறலை, ஸ்டோர்காரர் லீவு" என்று திருப்பி அனுப்பினீர்கள். மருந்துக் குப்பியில் பெயரும் பேட்ச் எண்ணும் அச்சிட்டுத்தானே வருகின்றன? அதைப் பார்த்து ஒரு வரி எழுதி வைக்க ஆள் இல்லையா? உங்களால் வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை, என் பிழைப்பே நாசமாகிவிட்டது.

மருந்தின் பெயர், செறிவு, அளவு, பேட்ச் எண், எல்லாவற்றையும் கதிரியக்க மருத்துவரின் கையெழுத்தோடு ஒரு வாரத்துக்குள் அனுப்பிவையுங்கள் என்று பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன். வரவில்லை என்றால் நுகர்வோர் நீதிமன்றத்துக்கும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் போவேன். புகார் மனுக்கள் தயாராக இருக்கின்றன. அப்புறம், இனி யாரும் போன் செய்து சமாதானம் பேச வேண்டாம். எழுத்தில் மட்டும் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
நோயாளியின் மகன்

இணைப்பு: ரசீது நகல், ஸ்கேன் ரிப்போர்ட், ஸ்கேனுக்கு முந்தைய ரத்தப் பரிசோதனை அறிக்கை